கடலுக்குப் போன மாத்திரைப் பை

என் தங்கையின் வீட்டுக்காரர் ஜாமீனில் வந்த அன்று குப்பத்து முனையில் மேளம் அடித்தார்கள். ஒரே ஒரு மேளம். அடித்தவருக்கு அன்று தோள்பட்டை வலி வேறு. இருந்தாலும் மேளம் மேளம்தான். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தின் கடலோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் குப்பத்தில், வலைத் தகராறில் உள்ளே போனவன் குற்றவாளி இல்லை, ஊருக்காகப் போனவன். எந்த வலையைப் போடலாம், எங்கே போடலாம் என்று பக்கத்துக் குப்பத்தோடு கடலில் வாய்ச்சண்டை, கரைக்கு வந்ததும் கைச்சண்டை, அப்புறம் போலீஸ் எழுதிய பட்டியல். பட்டியலின் உச்சியில் மாப்பிள்ளையின் பெயர். ஆகவே எல்லோரும் வந்த பிறகு கடைசியாக வந்தார். கிட்டத்தட்ட மூன்று மாதம்.

எனக்கு உட்காரவே வராது. பாகூரில் கொம்யூன் ஆபீஸ் பக்கமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மிஷின் சூடாகிற நேரத்துக்குள் இரண்டு தெரு சுற்றிவிட்டு வருகிறவன். எழுதுகிற பழக்கமும் உண்டு; ஒரு வரி தோன்றினால் ஏரிக்கரையில் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டே அதை மனசுக்குள் உருட்டுவேன். கரை முடியும்போது வரியும் முடிந்திருக்கும், அல்லது தொலைந்திருக்கும். அன்றைக்கும் அப்படித்தான், ஜெயில் வாசலில் நான்கு மணி நேரம் நடந்துகொண்டே இருந்தேன். மாப்பிள்ளை வெளியே வந்தார். இளைத்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. திரும்பிப் பார்க்காமல் நேராக என் ஸ்கூட்டருக்கு வந்து ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் மறுபடியும் உள்ளே கூப்பிடுமாம்.

"தட்டு, பக்கெட்டு, சோப்பு எல்லாம் உள்ள இருக்கறவங்களுக்கே குடுத்துட்டியா?" என்றேன்.

"எல்லாம் குடுத்துட்டேன் மச்சான். சோப்புக்குத்தான் சண்டை. பாதி சோப்புக்கு நாலு பேரு."

மஞ்சள் பையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

குப்பத்தில் அதற்கென்று ஒரு முறை உண்டு. ஜெயிலில் இருந்து வந்தவன் வாசல்படி தாண்டுவதற்கு முன்னால், தெருவிலேயே நிறுத்தி, மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரைத் தலையோடு கொட்டுவார்கள். உடுத்திவந்த துணி, கொண்டுவந்த பொருள், ஒரு நூல்கூட வீட்டுக்குள் போகக் கூடாது. எல்லாவற்றையும் சுருட்டி, ஒரு கல்லை வைத்துக் கட்டி, முகத்துவாரத்தில் நீர் கடலுக்கு இறங்கும் நேரமாகப் பார்த்து எறிந்துவிட வேண்டும். என் தங்கை இந்த மாதிரி விஷயங்களில் அரைகுறை வேலை செய்ய மாட்டாள். மூன்று குடம் தண்ணீர் ஊற்றினாள். சட்டையை உருவினாள். கைலியை மாற்றச் சொன்னாள். மஞ்சள் பையையும் பிடுங்கிச் சட்டையோடு சேர்த்துக் கட்டினாள்.

"ஏய், அது வந்து…" என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"இன்னா அது வந்து? ஜெயிலு பை தானே? வுடு."

சுற்றிலும் இருபது, இருபத்தைந்து பேர். மேளம். யாரோ ஒருவர் கழுத்தில் ரோஜா மாலை போட வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். மஞ்சள் தண்ணீர் மூக்கிலிருந்து சொட்டச் சொட்ட, தன் மனைவி அந்த மூட்டையைச் சுழற்றித் தெருக்கோடி முகத்துவாரத்தில் வீசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் பார்த்தேன். மூன்று மாதக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். கண் இருந்தும் சில நாட்களில் நான் அப்படித்தான்.

மூன்றாம் நாள் காலை கடைக்கு வந்தார். பட்டா நகல் எடுக்க வந்த ஒரு பெரியவர், ஆதார் அட்டையோடு இரண்டு பெண்கள். அவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றார். நான் பாட்டில் விஷயம் என்று முடிவே பண்ணிவிட்டேன். எங்கள் ஊரில் திரும்புகிற மூலைக்கு ஒரு சாராயக் கடை. மூன்று மாதம் வாய் காய்ந்த மனுஷன், தங்கைக்குத் தெரியாமல் கேட்கிறார், கேட்கட்டும்.

"மச்சான், ஒன்னு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு மாப்ள."

"அந்தப் பை கடல்ல போச்சில்ல, மஞ்சப் பை. அதுல என் மாத்திரை இருந்திச்சி."

"இன்னா மாத்திரை?"

அவர் ஜெராக்ஸ் மிஷின் மூடியைத் தூக்கி, அதற்குள் சொல்வது மாதிரி சொன்னார். "டிபி."

உள்ளே போன மூன்றாவது வாரமே இருமல் அதிகமாகியிருக்கிறது. வெளியிலேயே கொஞ்சம் இருந்ததுதான், பீடி இருமல் என்று விட்டிருந்தார். ஜெயிலில் இருமுகிறவர்களை வரிசையாக நிற்கவைத்து, டப்பாவில் சளி துப்பச் சொல்லி, எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். ஆறு மாதம் மாத்திரை. இரண்டு மாதத்தை உள்ளேயே முடித்தாகிவிட்டது. வெளியே வரும்போது ஒரு மாதத்துக்கான அட்டைகளும் பாகூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் கொடுத்து, அங்கே மருந்து கொடுப்பவர் மூன்று முறை சொல்லி அனுப்பினாராம்: நடுவில் விடாதே, விட்டால் கிருமி முறைத்துக்கொள்ளும், அப்புறம் இந்த மாத்திரைக்கு மடங்காது, நீ ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் கொடுப்பாய்.

"மூணு நாளு ஆச்சு மச்சான். இருமல் இல்ல. அதான் பயமா கீது. இருமினாலாவது தைரியமா இருப்பேன்."

"தங்கச்சிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? ஜெயிலுன்னா மேளம் அடிக்கறான். டிபின்னா டம்ளரத் தனியா எடுத்து வெச்சிடுவான். நானே செஞ்சிருக்கேன், எங்க சித்தப்பாவுக்கு." மிஷின் மூடியை இறக்கினார். "பாப்பாவ தள்ளிப் படுக்க வெக்கறேன், வேக்காடா கீது, புழுங்குதுன்னு. உன் தங்கச்சி மூணு நாளா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறா."

பாப்பாவுக்கு நான்கு வயது. மூன்று மாதமாக அப்பா எங்கே என்று கேட்ட குழந்தை.

கடைக்கு ஷட்டரை இழுத்தேன். ஆஸ்பத்திரி எதிர்ச் சந்தில்தான். அதற்கும் ஸ்கூட்டரை எடுத்தேன் என்பது வேறு விஷயம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கென்று ஒரு பெண் இருக்கிறார். எல்லோரும் டிபி மேடம் என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கூப்பிட்டால் பல பேர் வருத்தப்படுவார்கள். அவர் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க" என்பார். முப்பத்தைந்து வயது இருக்கும், மேஜைமேல் ஒரு செம்பருத்திப் பூ எப்போதும் கிடக்கும்.

"லெட்டர் குடுத்திருப்பாங்களே, எங்க?"

"கடல்ல போச்சுங்க," என்றார் மாப்பிள்ளை.

"மாத்திரை?"

"அதுவும் கடல்லதாங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். முழுக் கதையையும் கேட்டார். மேளம், மஞ்சள் தண்ணீர், கல் கட்டிய மூட்டை எல்லாம். கேட்டு முடித்துவிட்டு, "ஒரு மாசத்து மாத்திரைய சாப்பிட்ட மீனுக்கு இப்ப உங்களவிட உடம்பு நல்லா இருக்கும்," என்றார். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். வந்த மூன்று நாளில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டினால் அதே பெயரில் வரிசையாக ஆட்கள். கடலோரத்தில் எல்லோருக்கும் சாமி பெயர்கள் நான்கைந்துதான். "போன் நம்பர் எது குடுத்தீங்க உள்ள?"

மாப்பிள்ளை என்னைக் காட்டினார். "மச்சான் நம்பருதான். கடை போர்டுல பெருசா எழுதி இருக்கும். எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பரு அது ஒன்னுதான்."

எனக்கு முகம் சுட்டது. இரண்டு மாதத்துக்கு மேலாக ஏதோ ஒரு எண்ணும் ஆங்கிலமுமாகக் குறுஞ்செய்திகள் எனக்கு வந்துகொண்டிருந்தன. சிகிச்சை, பதிவு, வாழ்த்துக்கள் என்று என்னவோ. லோன் கொடுக்கிறேன் என்று ஏமாற்றுகிற கும்பல் என்று தள்ளிவிட்டிருந்தேன். வார்த்தைகளோடு வாழ்கிறேன் என்று சொல்லிக்கொள்கிற ஆள், தன் தங்கை புருஷனின் நுரையீரலைப் பற்றி வந்த வார்த்தைகளைப் படிக்கவே இல்லை. போனைத் துழாவினேன். இரண்டு வங்கி விளம்பரங்களுக்கு நடுவில் இருந்தது. மேடம் அந்த எண்ணைத் தட்டினார்.

"இதோ கீறாரு பாருங்க," என்று திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பெயர், வயது, எடை. உள்ளே போனபோது ஐம்பத்தைந்து கிலோ, நோயைக் கண்டுபிடித்தபோது ஐம்பத்தொன்று. எழுந்து அலமாரியைத் திறந்து அட்டையை எடுத்து நான்கு மாத்திரையைப் பிரித்தார். "முழுங்குங்க, என் எதிர்லயே."

மாப்பிள்ளை முழுங்கினார். தொண்டையில் அது இறங்குவதைப் பார்த்தபோது எனக்கும் ஏதோ இறங்கியது.

"மூணு நாள் போனது போகட்டும். இன்னும் நாலு மாசம், ஒரு நாள் போகக் கூடாது. சாராயம், பிராந்தி, பீரு எதுவும் கூடாது."

"பீருமா?"

"அது இன்னா, தண்ணிப் பந்தல்லயா குடுக்கறாங்க? அதுவும்தான். அப்புறம், குழந்தையைக் கூட்டிக்கினு வரணும். பாத்துட்டு அதுக்கும் சின்ன மாத்திரை ஒன்னு ஆரம்பிக்கணும், வராம தடுக்கறதுக்கு. வூட்ல சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லிங்க," என்றார் மாப்பிள்ளை.

"நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?"

"நானே சொல்லிடறேன் மேடம்."

சொல்லத்தான் போனோம். தங்கை வாசலில் அரிவாள்மனையில் கானாங்கெளுத்தி மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை கடல் நிறம் மாறியிருப்பதைப் பற்றிச் சொன்னார். மீன் நல்லா இருக்கே என்றார். படகு இஞ்சினுக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்றார். மீன்பிடித் தடைக்காலம் வேறு, படகு கரையில் கிடக்கிறது, யாருக்கு ஆயில்? நான் முற்றத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தேன்.

"ரெண்டு பேரும் இன்னாத்த மறைக்கிறீங்க?" என்றாள் தங்கை, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "குடிச்சிட்டு வந்தீங்களா?"

"எனக்கு டிபி," என்றார் மாப்பிள்ளை. ஒரே மூச்சில், படகிலிருந்து குதிக்கிற மாதிரி. "ரெண்டு மாசம் மாத்திரை சாப்ட்டேன். இன்னும் நாலு மாசம் கீது. இப்ப தொத்தாதுன்னு சொன்னாங்க. பாப்பாவுக்கும் மாத்திரை குடுக்கணும். அந்தப் பைலதான் என் மாத்திரை இருந்திச்சி."

அவள் கை நின்றது. மீனின் செதில் ஒன்று அவள் கன்னத்தில் ஒட்டி மினுங்கியது. நான் தனி டம்ளரை நினைத்தேன். மாப்பிள்ளையும் அதைத்தான் நினைத்திருப்பார்.

"அப்போ… மாத்திரையத் தூக்கிக் கடல்ல போட்டது நானா?"

"நீதான்."

"வாயி இருந்திச்சில்ல? ஜெயிலுக்குப் போன கதைய மூணு நாளா தெருவுல நின்னுக்கினு முழங்கற. இத சொல்ல மட்டும் வாயி வலிக்குதா?" அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நான் இன்னாவோ, உள்ள போய் வந்து மாறிட்டான், புள்ளயக்கூடப் பக்கத்துல சேக்க மாட்டேங்குறான்னு… மூணு நாளா மனசு கெடந்து அடிச்சிக்குது. டிபின்னு சொன்னா நான் ஓடியா போவேன்? எங்க ஓடுவேன், கடலுக்கா?"

அழுதாள். அழுதுகொண்டே மீன் கையால் அவர் முதுகில் இரண்டு அடி வைத்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, சோறு போட்டாள். எப்போதும் போடும் அதே தட்டில். நான் கவனித்தேன். மாப்பிள்ளையும் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பித்தார்.

நான்காவது நாள் அந்தச் சட்டை மட்டும் கரை ஒதுங்கியது. யாரும் தொடவில்லை. மஞ்சள் பை வரவில்லை. பாப்பாவுக்கு நோய் எதுவும் இல்லை. அவளுடைய சின்ன மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தார்கள். அவள் அதைக் குடித்துவிட்டு அப்பாவின் நெஞ்சின்மேல் ஏறிப் படுத்தாள். வேக்காடு எல்லாம் போன இடம் தெரியவில்லை.

அப்புறம் ஒரு கூத்து தொடங்கியது. ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். மாத்திரையோ, சோற்றுக்கு முன்னால் போட்டால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் வைத்தால் மறந்துவிடுகிறார், பாப்பா கலைக்கிறாள். ஆகவே அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட கையோடு ஸ்டேஷன் பானைத் தண்ணீரில் மாத்திரையை முழுங்கிவிடலாம் என்பது அவர் கண்டுபிடித்த வழி. நான்தான் தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். எனக்கும் ஓர் ஓட்டம் வேண்டுமே. இரண்டு பக்கமும் நெல்லும் கரும்புமாக ஓடுகிற சாலை, காலைக் காற்று, பின்னால் ஒரு மனிதன் நாளுக்கு நாள் எடை கூடிக்கொண்டு வருகிறான், ஸ்பிரிங்கில் தெரிகிறது. அந்த வருடம் நான் எழுதியதெல்லாம் அந்த ரோட்டில் எழுதியதுதான்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ ஏட்டையா பிடித்துவிட்டார். எங்கள் பக்கத்துப் போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பியை மேஜைமேல் கழற்றி வைத்துவிட்டு லெட்ஜரைத் தள்ளுகிற ஆள். பெரிய மீசை.

"ஏய், இன்னாத்த வாயில போட்ட? இங்க வா. போலீஸ் ஸ்டேஷன்ல நின்னுக்கினு போத மாத்திரையா போடற?"

"ஐயோ, இல்லிங்க ஐயா…"

"இன்னா அட்ட அது? காட்டு."

மாப்பிள்ளை அட்டையை நீட்டினார். ஏட்டையா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மீசை மெல்லத் தணிந்தது. ஜன்னல் பக்கம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய், குரலை அடித்தொண்டைக்கு இறக்கினார். "இது நானும் ஆறு மாசம் தின்னதுதான்யா. பத்து வருஷம் ஆச்சு. டூட்டில யாருக்கும் தெரியாது. ஒன்னுக்கு ஆரஞ்சு கலர்ல போவுதா?"

"போவுதுங்க ஐயா."

"மொத நாளு நான் ரத்தம்னு பயந்து எம் பொண்டாட்டிய எழுப்பிட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு திடீரென்று ஏட்டையாவாக மாறி, "நாளையிலருந்து மாத்திரைய போட்டாத்தான் கையெழுத்து நோட்டு குடுப்பேன்," என்றார்.

அப்படியே ஆனது. மாப்பிள்ளை உள்ளே நுழைந்ததும் ஏட்டையா லெட்ஜரைக் கையால் மூடிக்கொள்வார். "வாயத் தொற." நான்கு மாத்திரை, பானைத் தண்ணீர், "ஆ காட்டு", அப்புறம் லெட்ஜர் திறக்கும். ஒரு நாள் புதிதாக வந்த கான்ஸ்டபிள் ஒருவர், இது ஏதோ கோர்ட்டு உத்தரவு என்று நினைத்துக்கொண்டு, கையெழுத்துக்கு வந்த இன்னொரு ஆளையும் "வாயத் தொற" என்று நிறுத்திவிட்டார். அந்த ஆளும் பயபக்தியாகத் திறந்துகொண்டு நின்றான்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். தடைக்காலம் முடிந்தது. கோர்ட்டு, வாரம் ஒரு நாள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது. குப்பத்துக்கே சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. இனிமேல் தினமும் லெட்ஜரை மூடிக்கொள்ளும் கை இல்லை. படகு விடியலுக்கு முன்பே போய்விடும், திரும்ப மத்தியானம் ஆகும். இருமல் சுத்தமாக இல்லை, எடை ஐம்பத்தாறு. "நல்லாத்தானே கீறேன்" என்கிற வார்த்தையை மாப்பிள்ளை முதல்முதலாகச் சொன்னார். அந்த வார்த்தைதான் எத்தனையோ பேரை நடுவில் நிறுத்திவிடுகிறது என்று டிபி மேடம் சொல்லியிருந்தார்.

தங்கைதான் வழி பார்த்தாள். படகுக்குப் போகும் கஞ்சித் தூக்குக்கு மேல்மூடி ஒன்று உண்டு, ஊறுகாய் வைக்கும் குழி. அதில் அன்றைய நான்கு மாத்திரையை வைத்துவிடுவாள். மாத்திரையை எடுக்காமல் கஞ்சியைத் திறக்க முடியாது. இன்றைக்கும் எனக்கு அவள் மூளையின்மேல் பொறாமை உண்டு.

ஆனால் படகில் இருக்கிற மூன்று பங்காளிகளுக்கு விஷயம் தெரியாது. மாப்பிள்ளை திரும்பி உட்கார்ந்துகொண்டு ரகசியமாக முழுங்கினார். அது எத்தனை நாளைக்கு ஓடும்? கடலில் மறைவு ஏது? ஒரு நாள் படகின் பின்முனையில் நின்று ஒன்றுக்குப் போகும்போது, வலை இழுத்துக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார்.

"டேய், இன்னாடா இது, மஞ்சத்தண்ணி வெளையாட்டா? கடலே கலரு மாறுது!"

"மாத்திர சாப்பிடறேண்ணா."

"இன்னா மாத்திர?"

கரையிலிருந்து எவ்வளவு தூரமோ. மேலே வானம், கீழே தண்ணீர், தப்பித்துப் போக ஒரு சந்துகூட இல்லை. அங்கே சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானம் கரையில் நான் நின்றிருந்தேன். படகு ஏறிவந்ததும் மாப்பிள்ளை என்னிடம் வந்து, "சொல்ட்டேன் மச்சான்," என்றார்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒருத்தன் ஒன்னும் சொல்லல. பெரியண்ணன், 'அப்ப உனக்கு சாராயம் கெடையாதா? உன் பங்கையும் நானே குடிக்கணுமா, அடப்பாவி'ன்னாரு. மூணாவது ஆளு மட்டும் என் டம்ளர்ல தண்ணி குடிக்கல."

மூன்றாவது ஆள் ஒரு வாரம் தனி பாட்டில் கொண்டுவந்தார். எட்டாவது நாள், வலை நிறைய மீன் ஏறியது. இழுத்து இழுத்து மூச்சு வாங்கி, கைக்கு அகப்பட்ட டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு வைத்தார். அது மாப்பிள்ளையுடைய டம்ளர். நால்வரும் அந்த டம்ளரைப் பார்த்தார்கள். "போன உசுரு வந்திச்சி," என்று சொல்லிவிட்டு மறுபடியும் வலையைப் பிடித்தார். மறுநாள் தனி பாட்டில் வரவில்லை.

கடைசி மாத்திரையை ஏட்டையா எதிரில்தான் போடுவேன் என்று மாப்பிள்ளை பிடிவாதம். வாரக் கையெழுத்து நாளாகப் பார்த்து அது அமையவில்லை. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. இருந்தாலும் போனோம். "இன்னிக்கு உனக்கு நாளு இல்லியே?" என்றார் ஏட்டையா. அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். லெட்ஜரை எடுத்து மேஜையின் மறு ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். "வாயத் தொற."

சளியில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. எடை அறுபது. டிபி மேடம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். என் போன் கிணுங்கியது. இந்த முறை அந்தச் செய்தியை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். ஜெராக்ஸ் கடைக்காரன் புத்தி, பிரிண்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம் மாப்பிள்ளை, "மச்சான், மனு பாக்கப் போலாம்," என்றார். உள்ளே இருக்கிறவனைப் பார்க்கப் போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. வில்லியனூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், உள்ளே இவருக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவர். இவருக்குப் பிறகு இருமல் வரிசையில் பிடிபட்டு, மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பத்து நாளில் வெளியே வருகிறார் என்று சேதி.

"திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொன்ன ஆளு, இப்ப நீயே அங்க போறியா?" என்றாள் தங்கை.

"வேலையாப் போறேன்," என்றார்.

மனு பார்க்கும் அறை ஒரு சந்தை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பதினைந்து பேர், இந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். வக்கீல், பசுமாடு, மாமியார், பள்ளிக்கூடம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மோதுகின்றன. கொத்தனார் வலைக்குப் பின்னால் வந்து நின்று காதைக் கையால் குவித்தார்.

"தட்டு, பக்கெட்டு எல்லாத்தையும் அங்கயே வுட்டுடுய்யா!" என்று கத்தினார் மாப்பிள்ளை. "மாத்திரைய மட்டும் வுடாத!"

"இன்னா?"

"மாத்திர! கையோட எடுத்துக்கினு வா! வூட்டுல துணியக் கொளுத்துவாங்க, அதுல போட்டுடப் போறாங்க! முன்னாடியே பொண்டாட்டிகிட்ட சொல்லு!"

"இன்னான்னு சொல்றது?"

"டிபின்னு சொல்லுய்யா! டிபி! எனக்கும் டிபிதான்! முடிஞ்சிடுச்சு, பாரு, அறுபது கிலோ!"

சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து அந்த அறையின் இரைச்சல் எதனாலோ ஒரு நொடி அடங்கியது. 'டிபி' என்பது மட்டும் தனியாக நடுவில் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வயிற்றை மூடவில்லை. ஜெராக்ஸ் மிஷினுக்குள் வாயை வைத்துச் சொன்ன ஆள்தான் இவர்.

கொத்தனார் சிரித்தார். வலைக்குள்ளிருந்து கட்டைவிரலைக் காட்டினார். இரைச்சல் மறுபடியும் மூடிக்கொண்டது.

வெளியே வந்து நான் ஸ்கூட்டரை உதைத்தேன். பின்சீட்டில் கனம் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஓர் அம்மாள், அறுபது வயது இருக்கும், கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு மாப்பிள்ளையை நிறுத்தியிருந்தார்.

"தம்பி, உள்ள கத்தினியே… எம் புள்ளையும் இருமறான். கேட்டா ஒன்னுமில்லம்மா, பீடிதான்றான். அது பீடி இருமலா இல்ல நீ சொன்னதான்னு எப்படித் தெரியும்?"

"எத்தினி நாளா இருமறான்?"

"ஒரு மாசம் இருக்கும்."

"வாங்கம்மா, டீ குடிச்சிக்கினே சொல்றேன்," என்று மாப்பிள்ளை எதிர்க்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டப்பாவில் எப்படித் துப்புவது என்று கையாலேயே காட்டத் தொடங்கினார். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நேரமாவுது," என்றேன்.

"இரு மச்சான், பேசிக்கினு கீறேன்ல."

ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஸ்டாண்டு போட்டேன். மூன்றாவது டீக்குச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.